பந்திக்கு முந்து

உப்பளம் உள்ளரங்கில் நாற்பத்தொரு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
ஆறு அணி, நாலு சுற்று,
இருபத்து நாலு பேருக்குத்தான் இடம்.
மிச்சம் பதினேழு நாற்காலி எதுவென்று
உட்கார்ந்திருக்கும்போது தெரியாது.

காலையில் தையல் டேப்பால் அளந்தார்கள்:
நின்ற உயரம், கை தூக்கிய உயரம்,
விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை.
ஜெனிட்டாவின் கை விரிப்பு
அவள் உயரத்தைவிட நாலு அங்குலம் கூடுதல்.
"எங்கப்பா இழுத்த வலை, எனக்கு நீண்டிருச்சு"
என்றாள்.
அளந்தவர் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார்.

விதி இது:
போன வருஷம் கடைசியில் வந்தவர்கள்
முதலில் எடுக்கலாம்.
வேண்டுமென்றே தோற்கக் கூடாதென்று
கடைசி மூன்று அணிக்குள் குலுக்கல்.
குடம் கிடைக்கவில்லை,
இருபது லிட்டர் தண்ணீர் கேனை
வாயறுத்து வைத்திருந்தார்கள்.
ஸ்பான்சரின் மகள், ஆறு வயதிருக்கும்,
தோள்வரை கையை விட்டாள்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து.
இங்கே படைக்குப் பிந்தியவரே
பந்திக்கு முந்துகிறார்.
இலையில் நாங்கள்.

முதல் பெயர், கோட்டயத்துப் பெண்.
எழுந்தாள்,
எழுந்துகொண்டே இருந்தாள்.
கைதட்டல் முடிந்த பிறகும்
கொஞ்சம் எழ வேண்டியிருந்தது.

ஒரு பெயருக்கு இரண்டு நிமிடம்.
இருபத்து நாலு வினாடிக்குள் எறிந்து பழகிய எங்களுக்கு
அது ஒரு முழு ஐப்பசி.

ஒன்பதாவது, ஜெனிட்டா. கோவை.
என் முட்டியைப் பிடித்திருந்த கை
போய்விட்டது.
தலைக்குப் பெரிய தொப்பியொன்றை மாட்டி
போட்டோ எடுத்தார்கள்.

பதினேழாவது முறை சேலத்துடையது.
மதுரைக்காரர் எழுந்து போய்
சேலத்துக்காரர் காதில் ஏதோ சொன்னார்.
அடுத்த வருஷத்து முறையைக் கொடுத்து
இந்த வருஷத்து முறையை வாங்கினாராம்.
அடுத்த வருஷத்துப் பெண்
இப்போது எங்கோ பிளஸ் டூ படித்துக்கொண்டிருப்பாள்,
தன்னைக் கொடுத்து
என்னை வாங்கியது தெரியாமல்.

"பொலிலரசி, கடலூர்."
ழகரம் மேடையிலேயே விழுந்துவிட்டது.
குனிந்து எடுக்க நேரமில்லை, நடந்தேன்.

வராந்தாவில் மதுரை கோச் நோட்டைத் திறந்தார்.
"கோவைக்குப் போனவளும் நீயும் ஒரே டீமா?"
"எட்டு வருஷம், மேடம்."
"அவளுக்கு எந்தப் பக்கம் வராது?"

அண்ணா ஸ்டேடியத்து சிமென்ட் தரை,
வெள்ளம் வடிந்ததும் நாங்களே சேறு தள்ளியது.
பார்க்காமலே கொடுத்த பந்துகள்,
பார்க்காமலே வாங்கியவை.
தோளை இடப்பக்கம் காட்டுவாள், போகமாட்டாள்.
களைத்துவிட்டால்
ஃப்ரீ த்ரோவுக்கு முன் மூன்று தட்டு
இரண்டாகும்.
இது எனக்குத் தெரியும் என்பதே
எனக்கு அதுவரை தெரியாது.

"இடது" என்றேன்.
பேனா நகர்ந்தது.
மூன்று தட்டைச் சொல்லவில்லை.
வராந்தாவின் மறுகோடியில்
கோவைக் கோச் முன்னால்
அவளும் எதற்கோ தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணி பஸ், இருவர் சீட்,
மடியில் இரண்டு நிறத் தொப்பிகள்.
அரியாங்குப்பம், தவளக்குப்பம்,
கன்னியக்கோயில் வரை பேச்சில்லை.
முள்ளோடையில் ஒயின்ஷாப் வெளிச்சம்
அவள் முகத்தில் பச்சையாக ஏறி இறங்கியது.

"இடதுன்னு சொன்னியா?"
"ம்."
"நான் உன் வலது முட்டியச் சொன்னேன்."
"சரி."
பெண்ணையாற்றுப் பாலம் வந்தது.
தண்ணீர் இருக்கிறதா என்று
இருவரும் ஒரே ஜன்னலில் எட்டிப் பார்த்தோம்.
இருட்டு.

"நாளைக்கு அஞ்சரைக்கு வந்துரு.
இடதுல போய்ப் பழகணும். நீ மறி."

வருகிறேன் என்றுவிட்டேன்.
எதிரணிக்கல்லவா உதவப்போகிறேன் என்பது
மஞ்சக்குப்பத்தில் இறங்கி
பாதி வீடு நடந்த பிறகுதான் உறைத்தது.
அலாரத்தை
ஐந்துக்கே வைத்தேன்.